குரோம்ஃபோர்டு நூற்பாலை: பக்கத்தில் ஆறு ஓட, ஆர்க்ரைட் ஏன் சுரங்கத் தண்ணீரைப் பிடித்தார்?

இழைமுடிச்சு எழுதியது:

நீர்விசை ஆலைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் குரோம்ஃபோர்டு நடுவில் வந்து நடுவிலேயே போய்விடுகிறது. அதற்கென்று ஒரு தனி இழை.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769-இல் ரோலர் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நாட்டிங்ஹாமில் முதலில் குதிரையைப் பூட்டித்தான் ஓட்டினார். 1771-இல் ஜெடடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற காலுறை வணிகர்கள் கூட்டுச் சேர, டெர்பிஷையரில் உள்ள குரோம்ஃபோர்டில் ஐந்து மாடி ஆலை எழுந்தது. டெர்வென்ட் ஆறு அங்கே கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. அதைத் தொடாமல் போன்சால் ஓடையையும், ஈயச் சுரங்கத்தை வடிக்கத் தோண்டிய குரோம்ஃபோர்டு வடிகாலையும் நம்பினார்.

வடிகால் தண்ணீர் பனிக்காலத்திலும் உறையாது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது ஒன்றே போதுமா? இன்னொன்று, 1840-களோடு அங்கே பருத்தி நூற்பு ஏன் ஒடுங்கியது? நீராவி வந்ததால் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மதகடி எழுதியது:

உறையாத தண்ணீர் உண்மையான காரணம்தான், ஆனால் இரண்டாவது காரணம். முதல் காரணம் விழும் உயரம்.

கணக்கு எளிது. வினாடிக்கு விழும் தண்ணீரை லிட்டரில் எடுத்து, விழும் உயரத்தை மீட்டரில் பெருக்கி, 75-ஆல் வகுத்தால் தண்ணீரில் உள்ள மொத்தக் குதிரைத்திறன். அதைச் சக்கரத்தின் பயன்திறனால் பெருக்க வேண்டும். ஆர்க்ரைட் மாதிரி ஆலை ஒன்றுக்கு 1000 கதிர்கள் (நூலை முறுக்கும் சுழல் தண்டுகள்), அதற்கு 10 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்து அளவு. 4 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் மேலே விழும் சக்கரம், பயன்திறன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஏறக்குறைய 310 லிட்டர் போதும். ஒரு பெரிய ஓடை தாங்கும்.

அதே 10 குதிரைத்திறனை ஆற்றோட்டத்தில் அடியில் மோதும் சக்கரத்தால் எடுக்கப் பாருங்கள். உயரம் 1 மீட்டர், பயன்திறன் 30 விழுக்காடு. வினாடிக்கு 2500 லிட்டர் வேண்டும். எட்டு மடங்கு. பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இலேயே மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து, மேலே விழும் தண்ணீரின் பயன் அடியில் மோதுவதைப் போல இரு மடங்கு என்று காட்டிவிட்டார். ஆலை கட்டுபவர்களுக்கு இது தெரிந்த செய்தி.

ஆற்றில் உயரம் வேண்டுமென்றால் குறுக்கே தடுப்பணை கட்ட வேண்டும். இரு கரையிலும் உரிமை வேண்டும். பெருவெள்ளத்தைத் தாங்கும் அடித்தளம் வேண்டும். நூல் விற்குமா என்று தெரியாத முதல் ஆலைக்கு அந்தச் செலவை யாரும் போட மாட்டார்கள். ஓடையும் வடிகாலும் மலைச்சரிவிலிருந்து இறங்கி வருவதால் உயரம் தானாகவே கிடைத்தது.

வெள்ளக் காலத்தில் இன்னொரு தொல்லை. சக்கரத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் வடிவாய்க்கால் நிரம்பிவிட்டால் சக்கரம் தண்ணீருக்குள் துழாவும். மேல்விழு சக்கரத்துக்கு இது கூடுதல் கேடு. அதன் அடிப்பகுதி, தண்ணீர் வெளியேறும் திசைக்கு எதிராக நகர்கிறது. அதனால் அடிமட்டத்துக்கும் வடிவாய்க்கால் நீர்மட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். ஆற்றில் அந்த மட்டம் ஆளுயரத்துக்கு மேலும் ஏறி இறங்கும். சுரங்க வடிகாலில் நிலத்தடி நீர் நிதானமாகக் கசிந்து வருவதால் ஏற்ற இறக்கம் குறைவு.

உறைதல் பற்றி ஒரு சொல். ஆறு முழுக்க உறைவது அரிது. சக்கரத்தின் துடுப்புகளிலும் தொட்டி வாயிலும் பனிக்கட்டி படிவதுதான் சிக்கல். ஒரு பக்கம் கனம் கூடினால் சக்கரம் விட்டு விட்டுச் சுற்றும், அச்சின் கழுத்து (தாங்கியில் உட்காரும் முனை) அடிவாங்கும். ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் அந்தப் படிவைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

பல்சக்கரம் எழுதியது:

மதகடி சார் சொன்ன 10 குதிரைத்திறன் கேட்கச் சின்னதாக இருக்கும். அதைச் சக்கரத்தின் அச்சிலிருந்து வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு.

5 மீட்டர் விட்டச் சக்கரத்தின் விளிம்பு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்ந்தால் நிமிடத்துக்கு 6 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 6 என்றே வைத்துக்கொள்வோம். 10 குதிரைத்திறனை அந்த வேகத்தில் கடத்தும் அச்சில் முறுக்குவிசை ஏறக்குறைய 1200 கிலோகிராம்-மீட்டர் வரும். அன்றைய அச்சு ஓக் மரத்தடி. இரு முனையிலும் இரும்புக் கழுத்தைச் செருகி, வளையம் போட்டு, ஆப்பு அடித்திருப்பார்கள். தண்ணீர்ப்பக்க முனை எப்போதும் ஈரம், ஆலைக்குள் இருக்கும் முனை காய்ந்து கிடக்கும். மரம் ஒரே சீராகச் சுருங்காது. ஆப்பு தளரும், கழுத்து ஆடத் தொடங்கும். கழுத்து ஆடினால் பெரிய பல்சக்கரத்தின் பல் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் பிடிக்கும். பல் முறிவது அதற்கு அடுத்த கட்டம். ஆப்பைத் தட்டிப் பார்க்காத ஆலையில் பல் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

பற்களின் எண்ணிக்கையும் விளையாட்டல்ல. பெரியதில் 96, சிறியதில் 24 என்று வைத்தால் சிறியதன் ஒரு பல் பெரியதன் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கச் சந்திக்கும். கோணலான ஒரு பல் தன் இணைகளையும் கோணலாக்கிவிடும். 97-உம் 24-உம் என்று பொது வகுஎண் இல்லாமல் வைத்தால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களோடும் உரசும், தேய்மானம் சமமாகப் பரவும். பழைய ஆலைத் தச்சர்கள் அந்த ஒற்றைக் கூடுதல் பல்லை வேண்டுமென்றேதான் வைத்தார்கள்.

நிமிடத்துக்கு 6 சுற்றிலிருந்து கதிருக்குப் போகும்போது ஐந்நூறு மடங்கு வேகம் ஏற்ற வேண்டும். நீர்ச்சக்கர அச்சில் மாட்டிய பெரிய பல்சக்கரமான குழிச்சக்கரம், நிமிர்ந்த அச்சு, மாடிக்கு மாடி கிடை அச்சு, உருளை, கடைசியில் கதிருக்குப் பட்டை அல்லது கயிறு. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் விசை உராய்வில் போய்விடும்.

நாடாக்கரை எழுதியது:

ஒரு ஐயம். சக்கரம் சீராகச் சுற்றாவிட்டால் நூல் ஒருசமயம் தடித்தும் ஒருசமயம் மெலிந்தும் வருமே? சீரான வடிகால் தண்ணீரைத் தேடியதற்கு அதுதானே முதன்மைக் காரணமாக இருந்திருக்க வேண்டும்?

கதிரடி எழுதியது:

இல்லை நாடாக்கரை. பலரும் இப்படி நினைக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆர்க்ரைட் இயந்திரத்தில் ரோலர் இணைகள் வரிசையாக இருக்கும். 1769 காப்புரிமையில் நான்கு இணைகள். பின் இணையைவிட அடுத்தது வேகம், அதைவிட அடுத்தது வேகம். முன் இணை பின் இணையைப் போல 6 மடங்கு வேகமாகச் சுற்றினால் ரோவிங் (நூலாக்குவதற்கு முந்தைய தளர்ந்த பஞ்சுத் திரி) 6 மடங்கு நீளும், அவ்வளவு மெலியும். இந்த விகிதம் பல்சக்கரங்களால் கட்டப்பட்டது. நீர்ச்சக்கரம் மெதுவானால் எல்லா ரோலரும் ஒன்றாக மெதுவாகும். விகிதம் மாறாது, நூலின் கவுண்ட் (மென்மையின் அளவு) மாறாது. கதிரும் அதே அச்சிலிருந்து ஓடுவதால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதும் கொள்கையளவில் மாறாது.

மாறுவது மூன்று. உற்பத்தி குறையும். கதிர்ப் பட்டை நழுவினால் அந்தக் கதிரில் மட்டும் முறுக்கு குறைந்து நூல் தொய்யும். மூன்றாவதுதான் முக்கியம், பாபினின் இழுவை. இந்த இயந்திரத்தில் பறவை (நூலைப் பாபினுக்குக் கொண்டுபோகும் கவைக்கை) கதிரோடு சுற்றும், பாபினுக்குத் தனி ஓட்டம் இல்லை, நூல்தான் அதை இழுத்துச் சுற்றுகிறது. பாபின் அடியில் துணி வளையம் வைத்துப் பின்னுக்குப் பிடிப்பார்கள். அந்தப் பிடிப்பால் பாபின் சற்றுப் பின்தங்குகிறது. பின்தங்கும் அளவுக்குத்தான் நூல் சுற்றிக்கொள்ளும். வேகம் திடீரென ஏறினால் கனமான பாபினை நூல் வெடுக்கென்று இழுக்க வேண்டும், நூல் அறும். திடீரெனக் குறைந்தால் பாபின் தன் ஓட்டத்தில் முன்னே ஓடும், நூல் தளர்ந்து சுருண்டு முடிச்சாகும். எனவே சீரான ஓட்டம் நூல் அறுவதைக் குறைக்கத்தான், கவுண்டைக் காப்பாற்ற அல்ல.

தடித்தும் மெலிந்தும் வருவதற்குக் காரணம் வேறு. ரோலர் இடைவெளி. இரண்டு இணைகளின் பிடிக்கு இடையிலான தூரம் பஞ்சின் இழைநீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரே இழையை இரண்டு இணைகளும் பிடித்து அறுக்கும். அதிகமாக இருந்தால் குட்டை இழைகள் எந்தப் பிடியிலும் இல்லாமல் கூட்டமாக மிதந்து போய் ஓரிடத்தில் சேரும், அதுதான் தடிப்பு. 1738-இல் லூயிஸ் பாலும் ஜான் வயட்டும் ரோலர் நூற்பைக் கண்டுபிடித்தும் அது நிலைக்காமல் போனது. ரோலர் இணைகளை ஒன்றன்பின் ஒன்றாக, சரியான இடைவெளியிலும் எடையிலும் ஓடவிட்டது ஆர்க்ரைட்டின் சாதனை என்பேன். கீழ் ரோலர் வரிவெட்டிய உலோகம், மேல் ரோலர் தோல் போர்த்தியது, அதைக் கீழே அழுத்த எடை தொங்கும். எடை குறைந்தால் இழை வழுக்கும். தோலில் பள்ளம் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடிப்பு, அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில் வரும். அந்த இடைவெளியை அளந்தாலே எந்த ரோலர் பழுது என்று சொல்லிவிடலாம்.

உற்பத்தி அளவு தெரிய ஒரு கணக்கு. 20 கவுண்ட் பாவு நூல், அங்குலத்துக்கு 19 முறுக்கு, கதிர் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 158 அங்குலம், 12 மணி நேரத்தில் ஏறக்குறைய 3160 கெஜம். 840 கெஜம் ஒரு சிட்டம், 20 சிட்டம் ஒரு பவுண்டு. ஆக ஒரு கதிருக்கு 85 கிராம் சுமார். இது நிற்காமல் ஓடினால். பாபின் மாற்றவும் அறுந்ததை ஒட்டவும் போகும் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இழைமுடிச்சு எழுதியது:

அருமை கதிரடி அக்கா. இந்த நூல் பாவுக்குத் தாங்கியது என்பதுதான் பிறகு வணிகத்தையே மாற்றியது. அதற்கு முன் இங்கிலாந்தில் பாவுக்கு லினன், ஊடைக்குப் பருத்தி. முழுப் பருத்தித் துணிக்கு 1721 சட்டம் தடையாக இருந்தது. ஆர்க்ரைட் தரப்பு நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774-இல் அதை நீக்க வைத்தது. ஆலையின் சந்தை அதற்குப் பிறகுதான் விரிந்தது.

நாடாக்கரை எழுதியது:

அப்படியென்றால் உலகின் முதல் நீர்விசைப் பருத்தி ஆலை குரோம்ஃபோர்டு என்று எழுதுவது சரியா?

பல்சக்கரம் எழுதியது:

சரியல்ல. பால், வயட் இயந்திரங்களை வைத்து நார்த்தாம்ப்டனில் 1740-களிலேயே நீர்விசையில் பருத்தி நூற்றார்கள், 50 கதிர் கொண்ட ஐந்து இயந்திரங்கள். லாபம் இல்லாமல் மூடிவிட்டார்கள். பட்டில் இன்னும் முந்தையது, டெர்பியில் லோம்ப் சகோதரர்களின் ஆலை, 1721-இல் முடிந்தது, அதுவும் டெர்வென்ட் கரையில். நீர்விசையில் ஓடி லாபம் ஈட்டி, மற்றவர்கள் பார்த்துக் கட்டும் மாதிரியாக நின்ற முதல் பருத்தி நூற்பாலை என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கதிரடி எழுதியது:

வேலைநேரத்தையும் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர முறை இரண்டு, பகலும் இரவும். காலை 5-க்கும் மாலை 5-க்கும் மணி அடிக்கும், 6-க்கு வாயிற்கதவு மூடும். பிந்தியவருக்கு அன்றைய கூலி இல்லை. வடிகால் இரவிலும் ஓடுகிறது, குளம் கட்டித் தேக்காவிட்டால் இரவுத் தண்ணீர் முழுதும் வீண். பணம் போட்டவர்கள் அதை விட்டுவைக்கவில்லை. இதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். தொடக்கத்தில் ஏழு வயதுக் குழந்தைகள்கூட வேலை செய்தார்கள். ஆலையைப் புகழும்போது இதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

இரவு வேலை என்றால் விளக்கு, விளக்கு என்றால் பஞ்சுத்தூசியில் தீ. மரத்தளம் எண்ணெய் குடித்து ஊறியிருக்கும். 1776-இல் எழுந்த இரண்டாம் ஆலை 1890-இல் தீயில் போனது. முதல் ஆலையின் மேல் இரண்டு மாடிகள் 1929 தீயில் போயின. இன்று மூன்று மாடிதான் நிற்கிறது.

வழக்குமன்றம் எழுதியது:

இழைமுடிச்சின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குரோம்ஃபோர்டை முடக்கியது நீராவி அல்ல, இன்னொரு வடிகால். இது சொத்துரிமை படிக்கும் எவருக்கும் தெரிந்த வழக்கு: ஆர்க்ரைட் எதிர் ஜெல், 1839.

குரோம்ஃபோர்டு வடிகால் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. காலம் போகப் போகச் சுரங்கங்கள் அதைவிட ஆழமாக இறங்கின. அந்த ஆழத்து நீரை வடிக்க இன்னும் தாழ்ந்த மட்டத்தில் மீர்புரூக் வடிகாலை 1772-இல் தோண்டத் தொடங்கினார்கள். கவனியுங்கள், ஆலை ஓடத் தொடங்கிய அதே சமயத்தில் அதன் தண்ணீரைப் பறிக்கப்போகும் குடைவும் தொடங்கிவிட்டது. பாறைக்குள் மெதுவாக முன்னேறி, 1830-களில் அது குரோம்ஃபோர்டு வடிகாலுக்கு வரும் நீரைக் கீழே இழுத்துக்கொண்டது. ஆலைச் சக்கரங்களுக்கு வரத்துக் குறைந்தது.

ஆர்க்ரைட் குடும்பம் வழக்குப் போட்டது. அறுபது ஆண்டுக்கு மேல் அனுபவித்த தண்ணீர், அனுபவ பாத்தியதை வந்துவிட்டது என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இயற்கை ஓடை வேறு, செயற்கை வாய்க்கால் வேறு. சுரங்கக்காரன் தன் சுரங்கத்தை வடிக்கத் தண்ணீரை வெளியே விட்டான். அது அவன் வசதிக்கு, அந்தத் தேவை உள்ளவரைக்கும்தான். கீழே இருப்பவன் எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும் 'எப்போதும் விட்டுக்கொண்டே இரு' என்று கட்டாயப்படுத்த முடியாது. நீராவி எந்திரம் வைத்துச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் பக்கத்து நிலத்துக்குப் பாய்ந்தால், எந்திரத்தை நிறுத்தாதே என்று அந்த நிலத்துக்காரர் கேட்க முடியுமா என்ற எடுத்துக்காட்டு தீர்ப்பிலேயே வருகிறது.

மதகடி எழுதியது:

வழக்குமன்றம் ஐயா சொன்னதோடு நிலத்தடி வேலையையும் சேர்த்துப் பார்க்கலாம். அது சுண்ணாம்புப் பாறைப் பகுதி, வெடிப்பும் குகையுமாக இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்ந்த வாய் கிடைத்தாலும் அந்தப் பக்கம் சாயும். மேலே உள்ள வடிகாலை எவ்வளவு தூர்வாரினாலும், பாறைக்குள் நீர்மட்டமே அதன் தரைக்குக் கீழே இறங்கிவிட்டால் பயனில்லை. மதகு, தொட்டி, சக்கரம் எதைச் சீராக்கியும் இதற்கு மருந்து கிடையாது. மீர்புரூக்கிலிருந்து இன்றும் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், வரத்து அவ்வளவு.

அடிபட்டது ஆலை மட்டுமல்ல. ஆலை வாசலில் முடியும் குரோம்ஃபோர்டு கால்வாயும் இதே வடிகால் நீரை நம்பித்தான் 1790-களில் வெட்டப்பட்டது. வரத்து போனதும் டெர்வென்ட் ஆற்றிலிருந்து இறைக்க 1849-இல் லீவுட் நீரேற்று நிலையம் கட்டினார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதி ஆலைகளுக்குத் தண்ணீர் குறையக்கூடாது என்பதால் சனி இரவு 8 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரைதான் இறைக்க அனுமதி. வாரம் முழுக்கத் தேவையானதை ஒரே நாளில் ஏற்ற வேண்டும். அந்தக் கால்வாய்க்கு ஏன் அவ்வளவு பெரிய நீராவிப் பம்பு என்பதற்கு இதுதான் விடை.

நாடாக்கரை எழுதியது:

அப்படியானால் ஆர்க்ரைட் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றுதானே பொருள்?

மதகடி எழுதியது:

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1771-இல் கையில் இருந்த பணத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பணம் வந்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 1783-இல் மேசன் ஆலையை டெர்வென்ட் ஆற்றின் மீதே கட்டினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஆற்றை வாங்கும் வசதி வந்துவிட்டது. அந்த மேசன் ஆலையில் 1991 வரை ஜவுளி வேலை நடந்தது. ஒரே குடும்பம், அடுத்தடுத்த இடம், ஒரே இயந்திர மரபு. வேறுபாடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்றுதான்.

வழக்குமன்றம் எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும். 1771 குத்தகையில் ஓடையும் வடிகாலும் சேர்ந்தே வருகின்றன. ஓடையின் மீதான உரிமை இயற்கை நீரோட்ட உரிமை, அது பறிபோகவில்லை. வழக்கில் தோற்றது வடிகால் நீர் மட்டுமே. அதனால்தான் ஆலை ஒரே நாளில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது.

பல்சக்கரம் எழுதியது:

நேரில் போகிறவர்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். வடிகால் நீரைச் சாலைக்கு மேலே தாண்டவைத்து முதல் ஆலைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்த தொட்டிப்பாலம் முதலில் மரம். இப்போது நிற்பது 1821-இல் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி. அதன் மட்டத்திலிருந்து சக்கரக் குழியின் அடி வரை கண்ணால் அளந்தாலே மதகடி சார் போட்ட கணக்கின் உயரம் புரிந்துவிடும். பிறகு சாலைப் பக்கச் சுவரைப் பாருங்கள், தரைத்தளத்தில் சன்னல் கிடையாது. 1779-இல் சோர்லி அருகே பிர்க்கேக்கரில் ஆர்க்ரைட் ஆலையைக் கூட்டம் உடைத்துக் கொளுத்தியது, இயந்திரத்தின் மீது அவ்வளவு கோபம் இருந்த காலம். வடக்குத் தெருவில் தொழிலாளர் வீடுகளின் மூன்றாம் மாடியில் நீளமான சன்னல் வரிசை இருக்கும், நெசவுக்கு வெளிச்சம் வேண்டுமே.

நூற்பு போன பிறகு அந்த வளாகத்தில் மது வடித்தார்கள், சலவை நடத்தினார்கள், கடைசியில் 1979 வரை வண்ணப்பொடி தயாரித்தார்கள். ஈயக் குரோமேட் தரையிலும் சுவரிலும் ஊறிவிட்டது. 1979-இல் ஆர்க்ரைட் சங்கம் வாங்கியதிலிருந்து முதல் வேலையே அந்த நஞ்சை அகற்றுவதுதான். 2001-இல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.